கொழும்பில் ஒரு தாய் இறந்தால் யார் கணக்குக் கேட்கிறார்கள்?

1935ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,600க்கும் அதிகமான தாய்மார் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயதை எட்டவில்லை. மலேரியா நாட்டை உலுக்கி 80,000 பேருக்கு மேல் பலிகொண்ட காலம் அது. ஆனால் கொள்ளைநோய் இல்லாத ஆண்டுகளிலும் ஏறத்தாழ ஆறு குழந்தைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சாவு இருந்தது. இன்றைக்குத் தாய் மரணம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 30. சிசு மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. தெற்காசியாவில் இந்த அளவுக்கு இறங்கிய நாடுகள் மிகக் குறைவு.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் இலவச ஆஸ்பத்திரி, இலவசக் கல்வி, படித்த பெண்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு பெண் பிழைத்துவிடுவதில்லை. அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய இரத்த அழுத்தம் ஏறுவதை யாராவது அளந்திருக்க வேண்டும். அவள் கிளினிக்குக்கு வராத மாதத்தில் யாராவது கதவைத் தட்டியிருக்க வேண்டும். கொழும்பில் இந்த வேலையைச் செய்வது மாநகர சபையின் சுகாதாரத் திணைக்களம். அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. டெங்கு வந்தால் மட்டும்தான் அந்தத் திணைக்களத்தின் ஞாபகம் நமக்கு வருகிறது.

முதலில் எதை எண்ணுகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்திலோ, பிரசவத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அது மோசமாக்கிய நோயாலோ ஒரு பெண் இறந்தால் அது தாய் மரணம். வீதி விபத்து இதில் சேராது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தை சிசு மரணக் கணக்கில் வரும். அதிலும் முதல் 28 நாட்களைத் தனியாகப் பார்க்கிறார்கள். இன்று சிசு மரணங்களில் பெரும்பங்கு அந்த 28 நாட்களுக்குள்தான் நிகழ்கிறது.

மருத்துவிச்சி வீட்டுக்கு வந்த கதை

கொழும்பில் பிரசவத்துக்கென்று தனி ஆஸ்பத்திரி 1879இலேயே வந்துவிட்டது. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த கொடையில் எழுந்த டி சொய்சா பிரசவ விடுதிதான் இன்று கின்சி வீதியில் உள்ள டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரி. ஆசியாவின் மிகப் பழைய மகப்பேற்று ஆஸ்பத்திரிகளில் ஒன்று. ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். பிள்ளைப்பேறு வீட்டுக்குள் நடக்கும் காரியம். தெருவுக்குத் தெரிந்த மருத்துவிச்சி வருவாள், வெந்நீர் வைப்பார்கள், மிச்சம் கடவுள் பொறுப்பு. கைகழுவாத கை, துருப்பிடித்த கத்தி, நிற்காத இரத்தப்போக்கு என்று வந்தால் காப்பாற்ற ஆளில்லை.

பெண்கள் ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரியின் அறிவை வீட்டுக்கு அனுப்புவது என்பதுதான் திருப்புமுனை. 1902இல் மாநகர சபை தனக்கென ஒரு சுகாதார வைத்திய அதிகாரியை நியமித்தது. அதன்பின் வந்த தசாப்தங்களில் பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் நகரத்தின் ஒழுங்கைகளுக்குள் இறங்கினார்கள். நாடளாவிய அளவில் அதே எண்ணம் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவில் உருவம் பெற்றது. ஒரு குறிப்பிட்ட பரப்பு, அதற்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே தாதியும் மருத்துவ மாதும் சுகாதாரப் பரிசோதகரும். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் பரப்பிலுள்ள எல்லோருக்கும் பொறுப்பேற்பது. இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

இந்த வரலாற்றில் நம்மவர் பலருக்கும் தெரியாத ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. டொக்டர் மேரி இரட்ணம் கனடாவில் பிறந்தவர். 1896இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். தமிழரான இரட்ணத்தை மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. அவர் கொழும்பிலேயே தங்கி, பெண்களுக்கான லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். பெண்களின் உடலைப் பற்றிப் பேசுவதே வெட்கம் என்றிருந்த காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு கிளினிக் நடத்தினார். லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமப் பெண்களைத் திரட்டினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்கு உறுப்பினராகத் தெரிவான முதல் பெண்ணும் அவரே. 1958இல் மக்சேசே விருது கிடைத்தது. தாயின் உயிர் டொக்டரின் கையில் மட்டும் இல்லை, சபை மண்டபத்திலும் தீர்மானிக்கப்படுகிறது என்று அன்றைக்கே புரிந்துகொண்டவர் அவர் என்று நான் நினைக்கிறேன்.

சர்வசன வாக்குரிமை வந்தது 1931இல். பெண்களுக்கும் வாக்கு. தோட்டத்துக் கூலிக்காரரும் துறைமுகத் தொழிலாளியும் (எல்லோருக்கும் அது சமமாகக் கிடைக்கவில்லை என்றாலும்) வாக்காளர் ஆனபின், ஆஸ்பத்திரியும் மருத்துவ மாதும் தேர்தல் வாக்குறுதிகளாயின. 1940களின் பிற்பகுதியில் சாவு செங்குத்தாக விழுந்தது. டீ.டீ.டீ. தெளித்து மலேரியாவை அடக்கியது ஒரு காரணம். பெனிசிலினும் இரத்தமேற்றலும் வந்தது இன்னொரு காரணம். எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் மலேரியா அதிகம் தாக்காத ஈரவலயத்திலும் தாய் மரணம் குறைந்தது. நுளம்பை ஒழித்தது மட்டும் காரணமாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது.

கொப்பியும் குழலும்

இந்த மருத்துவ மாதைத் தமிழில் அரசாங்கக் கடிதத்தில் 'குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர்' என்று எழுதுவார்கள். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மிட்வைஃப் மிஸ்'. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது திட்டம். அவரிடம் ஒரு பதிவேடு இருக்கும். தன் பரப்பில் பிள்ளை பெறும் வயதிலுள்ள குடும்பங்கள் எல்லாம் அதில் பெயரோடு இருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களும் அதில் வருவார்கள். கர்ப்பம் தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுக்க வேண்டுமே. பிறகு என்றால் குழந்தையின் முதுகெலும்பு உருவாகும் நேரம் கடந்துவிடும்.

ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் எட்டு வாரத்துக்குள் அவள் பதிவாக வேண்டும் என்பது இலக்கு. பதிந்ததும் கையில் ஒரு கார்ட் வரும். அதன் பிறகு இரத்தப் பரிசோதனைகள்: இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. இந்தச் சாதாரண கிளினிக் பரிசோதனைகளைச் சகல தாய்மாருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இரும்புச்சத்து, விற்றமின் சி, கல்சியம் குளிசைகள், பூச்சிக் குளிசை, ஏற்புவலி ஊசி எல்லாம் இலவசம். தேவையானவர்களுக்குத் திரிபோஷா பக்கெட். 1973இல் தொடங்கிய அந்தச் சோளமும் சோயாவும் கலந்த மாவு, எத்தனையோ வீட்டில் தாய்க்கு என்று கொடுத்தது முழுக் குடும்பத்துக்கும் பகிரப்படுகிறது என்பது மிஸ்மாருக்கும் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறார்கள்.

கிராண்ட்பாஸ் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் ஒரு காலையில் நான் கேட்ட பேச்சு இது. பெண்ணுக்கு ஏழாம் மாதம்.

"மிஸ், கால் ரெண்டும் வீங்கிப் போய் இருக்கு. மாமி சொல்றாங்க, இது எல்லாருக்கும் வாறதுதானாம்."

"வாறதுதான் தங்கச்சி. தலையிடி இருக்கா?"

"ரெண்டு நாளா இருக்கு. வேலை கூட, அதனாலதான்னு நினைச்சேன்."

"கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குற மாதிரி?"

அவள் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள். மிஸ் பேச்சை நிறுத்திவிட்டுக் கையில் பட்டியைச் சுற்றினார். அளந்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் அளந்தார். சிறுநீரில் அல்புமின் பார்க்க அனுப்பினார். குழலை வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார். வைத்திய அதிகாரி கடிதம் எழுதிக் கொடுத்தபோது, "வீட்டுக்குப் போய்ட்டு நாளைக்குப் போறேன் மிஸ், மூத்தவனை ஸ்கூலால எடுக்கணும்" என்றாள் அவள். "மூத்தவனை மாமி எடுக்கட்டும். நீங்க இப்பவே இங்கயிருந்து ஓட்டோவில ஏறுங்க" என்று மிஸ் சொன்ன குரலில் கெஞ்சலும் கட்டளையும் சேர்ந்தே இருந்தன. கணவருக்குப் போன் பண்ணியதும் அவர்தான்.

கர்ப்பகால இரத்த அழுத்தம் வலிப்பாக மாறினால் சில மணித்தியாலத்தில் தாயும் பிள்ளையும் போகலாம். மக்னீசியம் சல்பேட் ஊசி, நேரத்துக்கு எடுக்கும் பிரசவ முடிவு, இவை இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். அந்த ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனது, மாமி சொன்ன வழக்கமான வீக்கத்துக்குப் பின்னால் தலையிடியைத் தேடிக் கேட்ட ஒரு கேள்வியால்.

பிரசவத்துக்குப் பிறகும் வேலை முடிவதில்லை. முதல் பத்து நாட்களுக்குள் மிஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும். பிறகும் இரண்டு தடவை, கடைசியாக 42ஆம் நாளை அண்டி. தாய்க்குக் காய்ச்சலா, இரத்தப்போக்கு நாற்றமடிக்கிறதா, மார்பு கட்டியிருக்கிறதா, குழந்தை மஞ்சளாகியிருக்கிறதா, தொப்புள் காய்ந்ததா, பால் இழுக்கிறதா என்று பார்ப்பார். அழுதுகொண்டே இருக்கும் தாயிடம் பேச்சுக் கொடுப்பதும் அந்த வேலையில் ஒன்று. துடக்கு என்று தாயைத் தனி அறையில் வைத்திருக்கும் வீடுகளிலும், நாற்பது முடியாமல் வெளியே விடாத வீடுகளிலும் உள்ளே போகக்கூடிய ஒரே அரசாங்க ஆள் அவர்தான். பத்தியக் கறியையோ சரக்குத் தண்ணீரையோ அவர் தடுப்பதில்லை. தண்ணீரே குடிக்கக் கூடாது, சீம்பாலைப் பீச்சி ஊற்ற வேண்டும் என்று சொல்லும் இடத்தில்தான் குறுக்கே நிற்பார். 2016இன் தேசிய ஆய்வில் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 82 வீதம் தாய்ப்பாலை மட்டுமே குடித்தன. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1980களிலேயே நாட்டில் விதி வந்திருந்தது. ஆனால் அந்த எண்ணிக்கையை எட்டியது வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேசிய பேச்சுத்தான்.

இரண்டு நிர்வாகம், ஒரு கார்ட்

கொழும்புக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. நாட்டின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் வைத்திய அதிகாரியும் மருத்துவ மாதும் மாகாண சுகாதாரத் துறையின் கீழே. கொழும்பு நகருக்குள் அவர்கள் மாநகர சபையின் ஆட்கள். அதேவேளை டி சொய்சாவும், பொரளை காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும், சிறுவருக்கான ரிஜ்வே ஆஸ்பத்திரியும் மத்திய சுகாதார அமைச்சின் கீழே. கர்ப்பிணி ஒருத்தி காலையில் சபையின் கிளினிக்கிலும் மத்தியானம் அமைச்சின் வாட்டிலும் இருப்பாள். இரண்டையும் இணைப்பது அவள் கையிலுள்ள கார்ட்தான். கிளினிக்கில் எழுதியதை ஆஸ்பத்திரி வாசிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தது மறுபடியும் மிஸ்ஸின் பதிவேட்டுக்கு வர வேண்டும். 'கார்டை மறக்காதீங்க' என்று அவர்கள் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

ஒரு தாய் இறப்பதற்குப் பின்னால் மூன்று தாமதங்களில் ஏதாவது ஒன்று இருக்கும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் உலகமெங்கும் பயன்படுத்தும் கணக்கு. வைத்திய உதவி வேண்டும் என்று வீட்டில் முடிவெடுக்கப் பிந்துவது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பிந்துவது, போய்ச் சேர்ந்தபின் சரியான சிகிச்சை கிடைக்கப் பிந்துவது. கொழும்பில் இரண்டாவது தாமதம் மிகவும் குறைவு. 2016இலிருந்து, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸும் இருக்கிறது. நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த வங்கி. எனவே இந்த நகரத்தில் ஒரு தாய் இறந்தால் கேள்வி முதலாவது தாமதத்தைப் பற்றியும் மூன்றாவதைப் பற்றியும்தான் எழ வேண்டும். வீட்டில் ஏன் தெரியவில்லை? தெரிந்து வந்தபின் என்ன நடந்தது?

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இலங்கையில் ஒரு முறை இருக்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத நினைத்ததற்கு முதல் காரணமும் அதுதான். 1985இலிருந்து தாய் மரணம் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று, வாந்திபேதியைப் போல. ஒரு தாய் எங்கு இறந்தாலும், அரச ஆஸ்பத்திரியோ தனியாரோ வீடோ, 24 மணித்தியாலத்துக்குள் கொழும்பு 10இல் உள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆஸ்பத்திரி தன் பக்கத்து விபரங்களை எழுதும். வைத்திய அதிகாரி இறந்தவரின் வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவார். பிரேத பரிசோதனை நடக்கும். சடங்கு தள்ளிப்போகிறதே என்று குடும்பம் துடிக்கும் நேரத்தில் அது கொடுமையாகத் தெரியும். அடக்கத்தை அன்றைக்கே முடிக்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னும் கடினம். ஆனாலும் காரணம் தெரியாமல் போன ஒரு மரணம் அடுத்த தாயைக் காப்பாற்றாது.

பிறகு எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள்: மகப்பேற்று நிபுணர், மயக்க மருந்து நிபுணர், பிரேத பரிசோதனை செய்தவர், வாட்டுத் தாதி, பரப்பிலுள்ள வைத்திய அதிகாரி, அந்த மருத்துவ மாது. கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து கடைசி மூச்சுவரை மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். யாரைத் தண்டிப்பது என்று தேடுவது இதன் நோக்கம் இல்லை. அப்படித் தேடினால் அடுத்த தடவை ஒருவரும் உண்மையை எழுதமாட்டார்கள். தடுத்திருக்க முடியுமா, முடியுமென்றால் எந்த இடத்தில் என்பதே முடிவில் கேட்கும் கேள்வி. இந்தக் கூட்டங்களிலிருந்துதான் இரத்தப்போக்கை எப்படி அளப்பது, பிரசவத்துக்குப் பின் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எந்தத் தாயைக் கட்டாயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்ற நாடளாவிய வழிகாட்டல்கள் பிறந்தன. ஒரு வருடத்தில் முழு நாட்டிலும் இறக்கும் தாய்மாரை ஒவ்வொருவராக எடுத்துப் பேசுகிற அளவுக்கு எண்ணிக்கை குறைந்துவிட்டது. அந்தக் குறைவுக்கு இப்படிப் பேசியதும் ஒரு காரணம்.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. அந்த மேசையில் குடும்பத்துக்கு இடமில்லை. இரகசியம் காக்க வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனால் மனைவியை இழந்த ஒருவருக்கு ஏன் இறந்தாள் என்று அவருக்கு விளங்கும் பாஷையில் ஒருவர் உட்கார்ந்து சொல்வது ஏன் முறையின் ஒரு பகுதியாக இருக்கக் கூடாது?

சாவின் முகம் மாறிவிட்டது

பாட்டிமார் காலத்தில் தாய்மாரைக் கொன்றவை இரத்தப்போக்கு, வலிப்பு, பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சல். அவை ஒழிந்துவிடவில்லை, ஆனால் பின்னுக்குப் போய்விட்டன. இப்போது கணக்கில் முன்னுக்கு நிற்பவை பல, பிரசவத்துக்கு வெளியே தொடங்குபவை: சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து பழுதான இதய வால்வு, பிறவி இதயநோய், சுவாச நோய்கள். பிந்திய வயதில் பிள்ளை பெறுவதும் சீனி வருத்தமும் உடற்பருமனும் சேர்ந்துவிட்டன. முதல் கிளினிக்கிலேயே டொக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருபத்தைந்து வயதுவரை தனக்கு இதயநோய் இருப்பதே தெரியாமல் இருந்த பெண்கள் அந்தக் கிளினிக்கில்தான் பிடிபடுகிறார்கள்.

தொற்றுகளும் அவ்வப்போது இந்தக் கணக்கைக் குலைக்கின்றன. 2009, 2010இல் எச்1என்1 காய்ச்சல் கர்ப்பிணிகளைப் பலிகொண்டது. 2021இல் கொரோனாவின் டெல்டா அலை வந்தபோது தாய் மரணம் மேலே போனது. அந்த ஜூனில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, போடலாமா கூடாதா என்று வாட்சப்பில் ஓடிய பயமுறுத்தல்களுக்குக் கதவோரம் நின்று பதில் சொன்னவர்களும் மருத்துவ மாதர்தான். கொழும்பில் டெங்கு எப்போதும் இருக்கிற ஆபத்து. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பது இல்லை, முதல் நாளே ஆஸ்பத்திரி.

பேசக் கூசும் இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று கருக்கலைப்பு. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்க என்பதைத் தவிர வேறெதற்கும் அதை அனுமதிக்கவில்லை. வன்புணர்வால் உண்டான கர்ப்பத்துக்கும் இல்லை. சட்டம் இறுக்கமாக இருப்பதால் அது நடக்காமல் இல்லை. பின் அறைகளில் நடக்கிறது, கிருமி ஏறிய பிறகு பயந்து பயந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், வந்தும் உண்மையைச் சொல்வதில்லை. மற்றது தற்கொலை. கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பெண்கள் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் கிளினிக் பதிவேட்டில் இருந்திருக்கும், எடையும் பிரஷரும் எழுதியிருக்கும். வீட்டில் நிம்மதியாக இருக்கிறீர்களா என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்க, கேட்டால் பதிலைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரிந்திருக்க, நேரமும் பயிற்சியும் வேண்டும்.

குழந்தைகள் பக்கம் வயிற்றோட்டமும் நியூமோனியாவும் ஊசியாலும் சுத்தமான தண்ணீராலும் அடங்கிவிட்டன. மிஞ்சியிருப்பது குறைமாதப் பிறப்பு, பிறவிக் குறைபாடுகள், பிறக்கும்போது மூச்சடைப்பு. இவற்றைக் குறைக்க விலை உயர்ந்த இயந்திரமும் பயிற்சி பெற்ற தாதியும் வேண்டும். ஆயிரத்துக்கு 140 என்ற நிலையிலிருந்து 15க்கு வந்தது போல 8இலிருந்து 4க்கு வருவது சுலபமல்ல.

மாடி ஏறாத பதிவேடு

கிராமத்தில் மிட்வைஃபுக்கு எந்த வீட்டுப் பெண் குளிக்காமல் இருக்கிறாள் என்பது கிணற்றடியிலேயே தெரிந்துவிடும். கொழும்பில் அப்படி இல்லை. ஜம்பட்டா வீதிப் பக்கத்து மாடி அறையொன்றில் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு சோடி வாடகைக்கு இருக்கும். கணவர் கடையில் வேலை, அவள் யாரோ ஒரு வீட்டில் வேலை. பதிவு ஊரில், வாக்கு ஊரில். ஆறு மாதத்தில் வாடகை கூடினால் முகத்துவாரத்துக்கு மாறுவார்கள். எந்த மிஸ்ஸின் பரப்பு? கொழும்பில் பதிந்து, முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்பும் பெண்ணுக்கும் இதே கதிதான். பிரசவத்துக்குப் பின்னான வீட்டு வருகைகள் இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்துவிடும்.

வனாத்தமுல்லையிலும் மட்டக்குளியிலும் கொம்பனித்தெருவிலும் 'தோட்டம்' என்று நகரத்தில் சொல்லும் நெருக்கமான சேரிக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களைப் பெருமளவில் தொடர்மாடிகளுக்கு மாற்றினார்கள். தனிக் கழிப்பறை கிடைத்தது, குழாய் கிடைத்தது, அது நல்ல காரியம். ஆனால் பழைய ஒழுங்கையில் ஒரு காலையில் இருபது வாசலைப் பார்த்த மிஸ், லிஃப்ட் வேலை செய்யாத நாளில் எத்தனை மாடி ஏறுவார்? கதவு சாத்தியிருந்தால் பக்கத்து வீட்டாருக்கு அந்தப் பெண்ணின் பெயரே தெரியாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வேறு மாதிரி. அங்கே கர்ப்பம் தரித்தவுடன் சனல் பண்ணுவார்கள். பெரிய டொக்டரைக் காசு கொடுத்துப் பார்க்கும்போது மிட்வைஃப் எதற்கு என்று கேட்பவர்கள் படித்தவர்கள்தான். நிபுணரிடம் பத்து நிமிடம். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் போன மாதம் நீங்கள் வராததை அவர் கவனித்துத் தேடி வரப்போவதில்லை, பிள்ளை பிறந்த ஆறாம் நாள் உங்கள் கட்டில் அருகே வந்து மார்பைப் பார்க்கப்போவதும் இல்லை. தனியாரிடம் காட்டினாலும் பரப்பு மிஸ்ஸிடம் பதியுங்கள் என்று நான் தெரிந்த எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். பிறகு பிள்ளைக்கு ஊசி போடும் கொப்பியும் அவரிடமிருந்துதான் வர வேண்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மாநகர எல்லைக்குள் வீட்டில் தமிழ் பேசுவோர் பாதிக்கும் மேல். 1987இலிருந்து தமிழும் அரச கரும மொழி. கார்டும் கொப்பியும் தமிழில் அச்சாகின்றன. ஆனால் கிளினிக்கில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். கொழும்புப் பெண்களுக்குச் சிங்களம் தெரியும், சந்தையில் பேசத் தெரியும். இரத்தம் படுகிறது, வெள்ளை படுகிறது, அவர் அடிக்கிறார் என்று சொல்லும் சிங்களம் வேறு. மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ புதிதாக வந்தவளுக்கு அதுவும் இல்லை. எட்டு வயது மகளை மொழிபெயர்க்கக் கூட்டிவரும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிறுமியின் முன்னால் எந்தத் தாய் தன் உண்மையான வருத்தத்தைச் சொல்வாள்? நல்ல மனமுள்ள சிங்கள மிஸ்மார் அரைகுறைத் தமிழில் தடுமாறித் தடுமாறிக் கேட்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய முயற்சியை மதிக்கிறேன். அதற்காகத் தமிழ் பேசும் மருத்துவ மாதரைத் தேவையான அளவு சேர்க்காததை ஏற்க முடியாது.

ஆட்பற்றாக்குறை மேல் மாகாணத்தில் பல வருடப் பிரச்சினை. 2022இன் நெருக்கடியில் அது இன்னும் வலித்தது. பெற்றோல் இல்லாமல் வீட்டு வருகை நின்றது, மருந்துக்குத் தட்டுப்பாடு, திரிபோஷா வராத மாதங்கள், வெளிநாடு போன டொக்டர்மாரும் தாதியரும். சாப்பாட்டைக் குறைத்த வீடுகளில் முதலில் குறைத்தது தாயின் பீங்கானில்தான். கர்ப்பிணிகளுக்கென்று 2015இல் பத்து மாதத்துக்கு 20,000 ரூபாய் என்று தொடங்கிய போஷாக்குக் கொடுப்பனவு நல்ல திட்டம், ஆனால் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. பின்னர் கூட்டினார்கள். பதியாத தாய்க்கு அதுவும் கிடைக்காது என்பதால், வாடகை அறையில் பெயர் இல்லாமல் இருப்பவளே இங்கும் தவறிப்போகிறாள்.

பிறப்புகள் நாட்டில் வேகமாகக் குறைந்து வருகின்றன. ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தது இப்போது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே. பிள்ளை குறைகிறதே, மருத்துவ மாதர் எதற்கு என்று ஒரு நாள் எந்த நிதி அதிகாரியாவது கேட்கக்கூடும். குறையும் பிறப்புகளில் ஆபத்துக் கூடியவற்றின் பங்கு கூடுகிறது: பிந்திய வயது, சீனி, பழைய சிசேரியன் தழும்பு. ஒவ்வொரு தாய்க்கும் முன்னையைவிட அதிக நேரம் தேவைப்படும்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே தேர்தல்வரை கொழும்புக்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். வீதி விளக்குக்கும் குப்பைக்கும் அவர்களைத் தேடிப் போகும் நாம் இவற்றையும் கேட்கலாம்: நம் வட்டாரத்தில் மருத்துவ மாதர் வெற்றிடம் எத்தனை, அதில் தமிழ் பேசுபவர் எத்தனை, புதிய தொடர்மாடிகளின் எல்லா மாடிகளும் யாராவது ஒருவரின் பதிவேட்டில் இருக்கின்றனவா, ஊருக்குப் பிள்ளை பெறப் போகும் பெண்ணின் விபரம் ஒரு பரப்பிலிருந்து மறு பரப்புக்கு எத்தனை நாளில் போகிறது. இந்தக் கேள்விகளுக்கான பதில் மாநகர சபையிடம்தான் இருக்கிறது, சுகாதார அமைச்சிடம் அல்ல.